துப்பாக்கி லைசென்ஸ் பிறந்த கதை

தேர்தல் தேதி அறிவித்த கையோடு, நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் சொல்லியிருக்கும். அடுத்த சில நாள்களில் பழைய வேட்டியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்கு வந்து சேரும். ஸ்டேஷன் ரைட்டர் குழலில் பொறித்த எண்ணையும் லைசென்ஸில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவார். வாக்கு எண்ணிக்கை முடிந்து ஊர் அடங்கிய பிறகு ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கிப் போவார்கள்.

துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் அவர்தான். காசு கொடுத்து வாங்கியிருப்பார், இல்லையென்றால் அப்பா விட்டுப்போனதாக இருக்கும். ஆனாலும் அரசு கொடு என்றால் கொடுத்துவிட வேண்டும். உரிமை, உரிமம் என்று ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. உரிமை நம்மோடு பிறந்தது. உரிமம் ஒருவர் எழுதிக் கொடுப்பது, ஆகவே திரும்பப் பெறக்கூடியது. அமெரிக்காவில் 1791இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தத்தால் துப்பாக்கி முதல் வகையில் சேர்ந்தது. இந்தியாவில் அது இரண்டாவது வகை. அப்படி ஆன கதை நம் தென்பாண்டிச் சீமையிலிருந்தே தொடங்குகிறது.

பாளையத்தில் பறித்த ஆயுதம்

துப்பாக்கி என்ற சொல் துருக்கியில் வேர்விட்டுப் பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தது. பீரங்கி, பரங்கியரின் பெயரைச் சுமந்து வந்தது. சொல் அயலூர்ச் சரக்கானாலும் கருவி இங்கே வேகமாக ஊன்றிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் தெற்கே எந்தப் பாளையத்துக்குப் போனாலும் வாள், வேல், வளரியோடு திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் இருந்தது. அதற்கு யாரும் யாரிடமும் சீட்டு வாங்கவில்லை. ஆயுதம் பலருக்குப் பிழைப்பாகவும் இருந்தது. திசைக்காவல், தலக்காவல் என்று ஊரையும் வழியையும் காத்து, அதற்குக் கூலியாக விளைச்சலில் பங்கு பெற்ற குடும்பங்கள் அங்கே ஏராளம்.

1799இல், கும்பினியை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்துப் போரிட்ட கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். அடுத்த மாதம் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில். எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். இவ்வளவும் செய்த பிறகும் கும்பினிக்குத் தூக்கம் வரவில்லை. 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன், ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். மக்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும். அடங்கியிருப்போருக்கு மன்னிப்பு உண்டு. பாளையங்கள் இனி ஜமீன்கள். அதுவரை போர்வீரனாக இருந்தவன் அன்றிலிருந்து குடியானவன்.

இதில் ஒரு சின்னக் கதை உண்டு. இந்தப் போரில் கும்பினிப் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, அதற்கு முன்பு சின்ன மருதுவுடன் நட்பாக இருந்தவர். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அந்த வளரியை இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

ஆக, ஆயுதம் பறிக்கும் வித்தையை வெள்ளையர் 1857க்குப் பிறகு கற்றுக்கொள்ளவில்லை. தெற்கே ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டார்கள். 1849இல் பஞ்சாபைப் பிடித்ததும் அங்கேயும் வீடு வீடாகச் சென்று ஆயுதங்களைக் குவித்தார்கள். 1857 பெரும் கிளர்ச்சி வந்தபோது வித்தை சட்டமாயிற்று. அந்த ஆண்டே ஒரு தற்காலிக ஆயுதச் சட்டம், 1860இல் இன்னொன்று. அவத் பகுதியில் கோட்டைகள் நூற்றுக்கணக்கில் தரைமட்டமாயின.

27ஆம் பிரிவின் சூது

இன்று நாம் ‘லைசென்ஸ்’ என்று சொல்லும் தாளுக்குத் தாய் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். கொண்டுவந்தவர் வைஸ்ராய் லிட்டன். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது டெல்லியில் தர்பார் நடத்திய அதே லிட்டன். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் இந்த ஆயுதச் சட்டமும் 1878 மார்ச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேனாவையும் துப்பாக்கியையும் ஒரே மூச்சில் பூட்டி வைத்தார்கள்.

சட்டம் ‘ஆயுதம்’ என்று எதையெல்லாம் சொன்னது? துப்பாக்கி, துப்பாக்கி முனையில் செருகும் கத்தி, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டி முனை, வில், அம்பு, பீரங்கி, இவற்றைச் செய்யும் இயந்திரம். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் ஏந்தி நடந்தால் மூன்றாண்டு வரை சிறை. ஒளித்து வைத்தால் ஏழாண்டு வரை.

இந்தச் சட்டத்தின் பிரிவுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ‘இந்தியன் வைத்துக்கொள்ளக் கூடாது, வெள்ளையன் வைத்துக்கொள்ளலாம்’ என்று எங்கும் இருக்காது. சூது 27ஆம் பிரிவில் இருந்தது. எந்த ஆளையும், எந்த வகுப்பாரையும், எந்தப் பகுதியையும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது அது. அதன்கீழ் போட்ட பட்டியலில் ஐரோப்பியர்கள் வந்தார்கள், ஆங்கிலோ-இந்தியர்கள் வந்தார்கள், ராஜாக்களும் பட்டம் பெற்ற பெரிய மனிதர்களும் வந்தார்கள். மற்றவர்கள் மனு எழுதிக்கொண்டு கலெக்டர் கச்சேரி வாசலில் நிற்க வேண்டும்.

துப்பாக்கி எதற்கு என்ற கேள்வி அங்கே இரண்டாம்பட்சம். காட்டுப்பன்றி வயலை உழுகிறதா, வழிப்பறிக்காரன் வருகிறானா என்பதற்கு முன்னால் சட்டம் கேட்டது ஒன்றே ஒன்று: நீ யார்? லைசென்ஸ் பிறந்தபோதே நெற்றியில் எழுதப்பட்ட கேள்வி அது.

குடகுக்கு மட்டும் ஒரு கதவு

‘நீ யார்’ என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லித் தப்பித்தவர்களும் உண்டு. நம் காவிரி பிறக்கும் குடகு மலைக்காரர்கள். 1857இல் வெள்ளையருக்கு எதிராகத் திரும்பாதவர்கள் என்பதால், 1861இல் மைசூர் ஆணையர் மார்க் கப்பன் (பெங்களூரு கப்பன் பூங்காவுக்குப் பெயர் தந்தவர்) ஆயுதப் பறிப்பிலிருந்து குடவர்களுக்கு விலக்கு அளித்தார்.

குடவர் வீட்டில் துப்பாக்கி பூஜைப் பொருள். செப்டம்பர் வாக்கில் வரும் கைல்பொள்து திருநாளில் ஆயுதங்களுக்குப் பூச்சூட்டி வணங்குவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு. வெடிச்சத்தத்தை எண்ணியே மலைக்கு அப்பால் இருப்பவர் சேதி தெரிந்துகொள்வார்.

வெள்ளையர் போனார்கள், சட்டம் மாறியது, விலக்கு மட்டும் போகவில்லை. குடவ இனத்தாருக்கும் குடகில் ‘ஜம்மா’ எனும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் அது இன்றும் நீடிக்கிறது. 2019இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. இது பாகுபாடு என்று தொடுத்த வழக்கில், விலக்கு செல்லும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நூற்றாண்டு தாண்டியும் துப்பாக்கி விஷயத்தில் பிறப்பு ஒரு தகுதியாக நிற்கும் இடம் இது.

ஆயிரம்விளக்கில் ஒரு தீர்மானம்

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியது. ஆயிரம்விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் பந்தல். 607 பிரதிநிதிகள், தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. அந்தப் பந்தலில் 29 வயது வங்க இளைஞர் ஒருவர் எழுந்து ஆயுதச் சட்டம் பாகுபாடு மிக்கது, அதை நீக்க வேண்டும் என்று உரக்கப் பேசினார். அவர் பிபின் சந்திர பால். பின்னாளில் லால்-பால்-பால் என்று நாடு சொன்ன மூவரில் ஒருவர்.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானத்தை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். இந்தச் சட்டம் மக்கள்மேல் சுமத்திய வீண் பழி என்றார்கள். ஆயுதம் வைத்துக்கொள்வது பொதுவிதியாக இருக்கட்டும். யாருக்காவது மறுப்பதென்றால் அரசு காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிடட்டும் என்றார்கள். ‘நீ யார்’ என்று கேட்ட அரசைப் பார்த்து ‘ஏன் மறுக்கிறாய், எழுதிக் கொடு’ என்று கேட்ட முதல் பெரிய சபை நம் சென்னையில் கூடியது.

அரசு அசையவில்லை. சட்டம் சட்டத்துக்கு அடங்கியவனைத்தான் தடுத்தது. துணிந்தவனுக்கு வேறு வழிகள் இருந்தன. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. லிட்டனின் சட்டம் அந்த எல்லையோடு நின்றுவிட்டது. அங்கே வ.வே.சு. ஐயரிடம் குறிபார்த்துச் சுடப் பழகிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. மாவட்டத்தில் யார் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் நாற்காலி கலெக்டருடையது. அந்த நாற்காலிக்குத் தெரியாமல் வந்த துப்பாக்கியே அவர் உயிரை வாங்கியது.

அகிம்சைக்காரர் கேட்ட லைசென்ஸ்

இந்தக் கதையில் பலரும் எதிர்பாராத பாத்திரம் காந்தி. 1918இல் முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கக் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்தபோது ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். பிரிட்டிஷ் ஆட்சி செய்த தவறுகளில் ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தை வரலாறு மிகக் கறுத்ததாகக் கருதும் என்பது அதன் சாரம். ஆயுதச் சட்டம் ஒழிய வேண்டுமா, ஆயுதம் பழக வேண்டுமா, பட்டாளத்தில் சேருங்கள் என்று அழைத்தார். இன்றைக்கு அந்த வாசகத்தின் முதல் பாதியை மட்டும் கத்தரித்துக்கொண்டு, காந்தியே துப்பாக்கி உரிமைக்காரர்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் அழைப்பு என்பதைச் சொல்லமாட்டார்கள்.

அவர் உண்மையில் என்ன கேட்டார் என்பது 1930 ஜனவரியில் தெரிந்தது. வைஸ்ராய் இர்வின்முன் பதினொரு கோரிக்கைகளை வைத்தார். முதலாவது மதுவிலக்கு. நான்காவது உப்பு வரி நீக்கம். தண்டியும் வேதாரண்யமும் அதிலிருந்து முளைத்தவை. பதினொன்றாவது, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது. கட்டில்லாத துப்பாக்கியை அவர் கேட்கவில்லை. லைசென்ஸைத்தான் கேட்டார். அதை எழுதித் தரும் கை யாருடையது என்பதே அவருக்குச் சண்டை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த விதிகளில் வெள்ளையருக்கென்று இருந்த இனச் சலுகை நீங்கியிருந்தாலும் அந்தக் கை மாறியிருக்கவில்லை.

மறு ஆண்டு, வல்லபபாய் படேல் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று எழுதிவைத்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எழுதியது அது.

கை மாறியது, சாவி மாறவில்லை

1948 டிசம்பர். அரசியல் நிர்ணய சபையில் குடிமகனின் சுதந்திரங்கள் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. ஹெச்.வி. காமத் எழுந்தார். பேச்சுரிமை, கூடும் உரிமைகளோடு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேருங்கள், கராச்சியில் நாம் சொன்னதுதானே என்று திருத்தம் கொண்டுவந்தார்.

அம்பேத்கர் ஒப்பவில்லை. யார் வேண்டுமானாலும் கடைத்தெருவில் போய்த் தாக்குதல் கருவிகளை வாங்கலாம் என்றால் எந்த அரசும் நிர்வாகம் நடத்த முடியாது என்பது அவர் வாதம். ஆயுதம் ஏந்துவது ஒருவேளை குடிமகனின் கடமையாகலாம், நாடு அழைக்கும்போது. தனிமனித உரிமையாக அதை எழுதிவைக்க முடியாது என்றார். திருத்தம் தோற்றது. இன்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் ஆயுதம் வரும் இடம் ஒன்றே: அமைதியாகவும் ஆயுதம் இன்றியும் கூடும் உரிமை.

அம்பேத்கரின் முடிவு சரி என்றே நினைக்கிறேன். பிரிவினையில் எங்கு பார்த்தாலும் குத்தும் வெட்டும் நடந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. காந்தியே அந்த ஆண்டின் தொடக்கத்தில் துப்பாக்கிக்கு இரையாகியிருந்தார். ஆனால் ஒரு நெருடலும் உண்டு. உரிமையாக வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், லிட்டனின் பழைய சட்டத்தையும் பத்தாண்டுக்கு மேல் அப்படியே ஓடவிட்டார்கள்.

1959இல்தான் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்க எண்ணி வந்தது என்று மசோதாவின் நோக்க உரையிலேயே அரசு ஒப்புக்கொண்டது. புதுச் சட்டம் வில்லையும் அம்பையும் துரத்தவில்லை. வாள் போன்றவற்றுக்கு அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் மட்டும் லைசென்ஸ் போதும் என்றது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் மட்டுமே என்று செய்தவை ஆயுதமே ஆகா என்று விலக்கியது.

நெற்றியில் எழுதிய கேள்வியையும் அழிக்கப் பார்த்தது. 13ஆவது பிரிவு ‘எதற்கு?’ என்று கேட்கிறது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத ரவைத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு, கருமருந்தைக் குழல் வாய்வழியே போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. 14ஆவது பிரிவு இரண்டு காரியங்கள் செய்தது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்றது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் மனுதாரருக்குச் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றது. ஆயிரம்விளக்குப் பந்தலில் கேட்டது, 72 ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறியது. பொதுநலன் கருதிக் காரணத்தைச் சொல்லாமலும் விடலாம் என்று ஓர் ஓட்டையும் கூடவே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு சட்டம் படிப்படியாக இறுகியது. 1983இல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிக்கு மேல் கூடாது என்றார்கள். 2016 விதிகள், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்குச் சான்று கேட்டன. 2019இல் ஒன்றுதான் என்று மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டு என்று முடிந்தது. லைசென்ஸின் ஆயுள் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டாண்டு வரை சிறை என்றும் சேர்த்தார்கள்.

இவற்றில் எதையும் நான் குறைசொல்ல மாட்டேன். துப்பாக்கி எளிதில் கிடைக்காத தெருவில் வாய்ச்சண்டை கைகலப்போடு முடிய வாய்ப்பு உண்டு. ஆனால் லைசென்ஸை ஒரு கௌரவச் சின்னமாகக் கருதும் மனம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. இடுப்பில் ரிவால்வர் இருந்தால் பெரிய ஆள் என்ற எண்ணம் லிட்டன் போட்ட விலக்குப் பட்டியலின் பேரப்பிள்ளை. பன்றிக்குப் பயந்து இரவெல்லாம் பரண்மேல் விழித்திருக்கும் விவசாயியின் மனுவையும் பெரிய மனிதரின் மனுவையும் ஒரே கண்ணால் பார்க்கும் நாளில்தான் 1878 உண்மையிலேயே முடிவுக்கு வரும்.

கடைசியாக ஒரு சொல். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடந்து, லைசென்ஸ் அவரோடு போய்விட்டது என்றால், அது இப்போது சட்டப்படி உங்கள் கையில் இருக்கக் கூடாத பொருள். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் வாரிசு என்ற முறையில் மனுச் செய்யுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். துப்பாக்கி உரிமம்தான். காரணம் கேட்பது உரிமை.